இரண்டும் இல்லையாம்

என் மகளின் இரத்தத்திடம் ஐ.சி. கேட்டார்கள் என்று சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். யுத்தகாலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த தமிழருக்கு அது சிரிப்புக் கதை இல்லை. பாண் வாங்கப் போனாலும் ஐ.சி. என்கிற அடையாள அட்டை வேண்டும், குப்பை கொட்டப் படியிறங்கினாலும் வேண்டும். என்னுடைய அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அதை வாங்கிப் பார்க்கிற ஆமிக்காரன் அட்டையைப் பார்ப்பான், என் முகத்தைப் பார்ப்பான், மறுபடி அட்டையைப் பார்ப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கணவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். துறைமுகத்தில் கிளார்க் வேலை. சிங்களம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. காலி வீதியில் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கினால், "நீ பேசாம நில்லு, மொதல்ல நான் கதைக்கிறேன்" என்று எனக்கு முன்னால் போய் நின்றுகொள்வார். "ஏன், நான் என்ன களவெடுத்தனானோ?" என்று நான் அந்த இடத்திலேயே சண்டை பிடிப்பேன், அதுவும் தமிழில், சத்தமாக. அவர் கண்ணை மூடி அந்தோனியாரைக் கூப்பிடுவார். எங்கள் கலியாணமே இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, குறை ஒன்றுமில்லை.

மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. ஒருநாள் குளிக்க வார்க்கும்போது காலெல்லாம் நீலம் பாரித்திருந்ததைக் கண்டேன். "எங்க விழுந்தனி?" என்று கேட்டேன். விழவில்லை என்றாள். பொய் சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் உறுக்கிக் கேட்டேன், அப்போதும் விழவில்லை என்றுதான் சொன்னாள். பிறகு பல் தீட்டும்போது வாய் நிறைய இரத்தம். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் இருந்து தொலைபேசி வந்தது, மூக்கால் இரத்தம் போகிறது, நிற்கவில்லை, வெள்ளைச் சட்டை முழுக்க நனைந்துவிட்டது என்று. ஒழுங்கைக்குள் இருந்த எங்கள் குடும்ப டொக்டர் அவளுடைய கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். மருந்து எழுதவில்லை. "இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, வீட்டை போய் உடுப்பு மாத்திக்கொண்டு நிக்காதேங்கோ" என்றார்.

அங்கே எலும்புக்குள் ஊசி போட்டு மச்சை எடுத்தார்கள். அவள் கத்தின கத்து இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அடுத்த நாள் பெரிய டொக்டர் எங்கள் இருவரையும் ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டார். சிங்களப் பெண்மணி, ஏறக்குறைய என் வயது, கட்டை உருவம், கதைக்கும்போது பேனையை மூடி மூடித் திறப்பார். எங்களோடு இங்கிலீசில் கதைத்தார். மனசில் பட்டதைச் சொல்லும்போது மட்டும் தன்னையறியாமல் சிங்களத்துக்குப் போய்விடுவார். இரத்தப் புற்றுநோய், அதிலும் வேகமாக ஓடுகிற வகை என்றார். என் கணவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை.

"பிள்ளை பிழைக்குமா?" என்று கேட்டேன்.

"பலமு," என்றார்.

பலமு என்றால் பார்ப்போம். கொழும்பில் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கின எல்லாருக்கும் அந்தச் சொல் தெரியும். பொலிஸ் பதிவுக்குப் போனால் பலமு, பயணப் பாசுக்குப் போனால் பலமு, பென்சனுக்குப் போனாலும் பலமு. அதற்கு அர்த்தம், நடக்காது, போய் நாளைக்கு வா என்பது. ஒரு பிள்ளையின் உயிரைக் கேட்டாலும் இதே பதிலா என்று எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் கந்தோர்க்காரர் மாதிரி அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. கதிரையை எங்களுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கத் தொடங்கினார்.

இந்த நோயில் பல வகை இருக்கிறதாம். அதில் ஒரு வகைக்கு மட்டும் புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறதாம், விற்றமின் ஏ-க்குச் சொந்தக்கார மருந்து. வளராமல் கெட்டுப்போய் நிற்கிற செல்லை அது வளர வைத்துவிடும், இரத்தப்போக்கும் நிற்கும், அந்த வகைப் பிள்ளைகளில் நிறையப் பேர் தப்பிவிடுகிறார்கள் என்றார். மற்ற வகை என்றால் மாத்திரையால் பயனில்லை, கடுமையான மருந்துதான். அந்தப் பிள்ளைகள் எப்படி என்று நான் கேட்டபோது பேனையை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். மைக்கிரஸ்கோப்பில் பார்த்தால் எங்கள் பிள்ளைக்கு அந்த நல்ல வகை மாதிரித்தான் தெரிகிறதாம், ஆனால் அடித்துச் சொல்ல முடியாதாம். அந்த வகையாக இருந்து, மாத்திரை இல்லாமல் கடுமையான மருந்தைத் தொடங்கிவிட்டால், இரத்தம் பெருகியே பிள்ளை போய்விடக்கூடும். அதற்காகச் சும்மா காத்திருக்கவும் முடியாது. எது என்று தெரியவேண்டும், அதுவும் உடனே.

"எப்பிடித் தெரியும்?" என்று என் கணவர் கேட்டார்.

ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பிலும் சின்னச் சின்னப் புரதங்கள் இருக்கின்றன, அவைதான் அதற்கு அடையாளம் என்றார் டொக்டர். எங்கே பிறந்தது, எவ்வளவு வளர்ந்தது எல்லாம் அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்களுக்கு விளங்குகிறதோ என்று எங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். இது மாதிரித்தான், ஒவ்வொரு செல்லும் இதைச் சட்டைக்கு வெளியே குத்திக்கொண்டு திரிகிறது.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "ரத்தத்துக்கும் ஐ.சி.யோ? ரத்தமும் பிறந்த இடம் காட்டவேணுமோ இந்த நாட்டில?" என்று தமிழில் கத்திவிட்டேன். என் கணவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். டொக்டருக்கு அதில் ஐ.சி. என்ற ஒரு சொல்தான் விளங்கியது. "ஓவ், ஓவ்! ஐ.சி.! அதேதான்!" என்று சந்தோசமாகத் தலையாட்டினார். நல்லாய் விளங்கிக்கொள்கிற தாய் என்று நினைத்திருப்பார், பாவம்.

அந்த அடையாளத்தைப் பார்க்கிற மெசின் அப்போது எங்களுக்குக் கிட்டத்தில் சென்னையில்தான் இருந்தது. மாத்திரையும் அங்கேதான் வாங்கவேண்டும். இரத்தம் பழசாகினால் செல் செத்துவிடும், எடுத்த சூட்டோடு போய்ச் சேரவேண்டும். தபாலில் போட்டு வேலையில்லை. ஆள்தான் கொண்டுபோகவேண்டும்.

ஆள் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியிலேயே இருந்தாள். சேலை வியாபாரம் செய்கிறவள். சென்னைக்குப் பறந்து போய்க் கூறைச்சேலையும் பட்டும் அள்ளிக்கொண்டு வந்து, தன் வீட்டு முன்னறையில் பாய் விரித்துக் காட்டி வெள்ளவத்தைக் கலியாண வீடுகளுக்கு விற்பாள். அந்தக் காலத்தில் இப்படி ஓடித்திரிந்த பெண்கள் எங்கள் பக்கத்தில் பலர். வாய் ஓயாது. என்னை அக்கா என்பாள், என்னுடைய சேலைகளைக் கண்டால் மட்டும் மூக்கைச் சுளிப்பாள். அவள் போக இருந்தது அடுத்த கிழமை. நான் படியேறிப் போய் விசயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, டிக்கட்டை மாற்றுவதற்குத் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டாள்.

"அக்கா, எனக்கு ரத்தம் கண்டா மயக்கம் வரும், தெரியுந்தானே. சுத்திக் கட்டித் தாங்கோ. நான் பாக்கமாட்டன், பாக்காமலே கொண்டுபோறன்."

அவள் ஐஸ் போட்ட பிளாஸ்க்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள். ஐஸ் நேரே படக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். "மீனோடி இது?" என்று அதை வாங்கி வைத்துவிட்டு, இரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயைப் பஞ்சில் சுற்றி, மகளின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தேன். மூடியில் ஒரு முயல் படம் இருந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஒரு வான் பிடித்து நாங்கள் இருவரும் போனோம்.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். அவளுடைய பாஸ்போட், என்னுடைய ஐ.சி., பிறகு பெட்டி. ஆமிக்காரன் முயலைப் பார்த்தான், மூடியைத் திறந்தான், பஞ்சை விரலால் தள்ளினான்.

"மே மொனவத?" என்றான், இது என்ன என்று.

என் சிங்களம் அரைகுறை. "லே," என்றேன். "மகே துவகே லே." என் மகளின் இரத்தம்.

கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். டொக்டர் சிங்களத்தில் எழுதித் தந்த துண்டை நீட்டினேன். வாசித்தான். சின்ன வயதுதான், மீசை சரியாக முளைக்கவில்லை. பஞ்சைத் திரும்ப ஒழுங்காக மூடி, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொடுத்து, "யன்ன, யன்ன" என்று வானுக்கு வழிவிடச் சொன்னான். என்னுடைய ஐ.சி.யை அன்றைக்கு அவன் இரண்டாந்தரம் பார்க்கவில்லை. அவனுக்கு ஏச வைத்திருந்த சொல்லையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு வானுக்குள் ஏறினேன்.

சேலைக்காரி சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அங்கே லேபில் கொடுத்தும் விட்டாள். நாங்கள் இங்கே வார்ட்டில் காத்திருந்தோம். மகளுக்கு மஞ்சள் நிறத்தில் பை பையாக ஏற்றினார்கள், இரத்தம் உறையச் செய்கிற சாமான். அதைக் கொடுக்கத் துறைமுகத்தில் இருந்து என் கணவரோடு வேலை செய்கிறவர்கள் ஒரு லொறியில் ஏறி வந்தார்கள், தமிழர், சிங்களவர், சோனகர் எல்லாரும். இரத்த வங்கியில் அவர்களிடமும் ஐ.சி. கேட்டார்களாம். மகள் எதையும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு என் சேலைத் தலைப்பைப் பிடித்தபடியே கிடந்தாள். அவள் இப்படிச் சத்தமில்லாமல் கிடக்கிற பிள்ளை இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பௌர்ணமிப் போயா நாள் வந்தது. விடுமுறை என்றபடியால் காலையில் என் கணவர் வார்ட்டில் பிள்ளையோடு இருந்தார். நான் குளித்து, கொஞ்சம் ரசம் வைத்துக்கொண்டு போகலாம் என்று வீட்டுக்கு வந்தேன். மிளகைக் குத்திக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சென்னையில் இருந்து சேலைக்காரி. கடல் இரைகிற மாதிரி ஒரே இரைச்சல்.

"அக்கா, லேபுக்கு வெளியில நிண்டு கதைக்கிறன். பாத்திட்டினமாம். முப்பத்திநாலு இல்லையாம்."

"என்ன முப்பத்திநாலு?"

"அது ஏதோ நம்பராம் அக்கா. மற்றது டீ ஆராம். அதுவும் இல்லையாம். ரெண்டும் இல்லையாம்."

"இல்லையெண்டால்? இல்லையெண்டால் என்னடி? சொல்லன்!"

கொர்ர் என்றது. அவ்வளவுதான், லைன் போய்விட்டது. நான் 'ஹலோ ஹலோ' என்று கத்தியபடி நின்றேன். உலக்கை இன்னும் கையில் இருந்தது.

இதைப் படிக்கிறவர்கள் யோசிப்பார்கள், ஒரு டொக்டரைக் கேட்காமல் இவள் ஏன் பதறினாள் என்று. ஐ.சி. இல்லை என்பதற்கு அந்த நாட்களில் எங்களுக்கு ஓர் அர்த்தம்தான் இருந்தது. பக்கத்து லொட்ஜில் வெளிநாடு போக வந்து தங்கியிருந்த ஒருவர் ஐ.சி.யைத் தொலைத்துவிட்டு, சந்தியில் பிடிபட்டார். அவரைத் தேடி அவருடைய தாய் எங்கள் வாசலில் எல்லாம் வந்து அழுதார். ஐ.சி. இருந்தால் திட்டு வாங்கிக்கொண்டாவது வீட்டுக்கு வரலாம், இல்லாவிட்டால் வரமாட்டாய். டொக்டர் அட்டையை எடுத்துக் காட்டிச் சொன்னது என் தலைக்குள் அப்படித்தான் போய் உட்கார்ந்திருந்தது. என் பிள்ளையின் இரத்தத்திடம் கேட்டார்கள், காட்ட ஒன்றும் இருக்கவில்லை. ஒன்றுக்கு இரண்டாக இல்லை. முடிந்தது.

மிளகை உரலிலேயே விட்டுவிட்டு ஓடினேன். போயா என்றபடியால் காலி வீதி வெறிச்சோடிக் கிடந்தது, பஸ்ஸும் வரக் காணோம். ஒரு முச்சக்கர வண்டியைப் பிடித்தேன். வழி முழுக்கப் பிள்ளையாரோடு சண்டை பிடித்தேன். எவ்வளவு தேங்காய் உனக்கு உடைத்திருக்கிறேன், கண் தெரியாதோ உனக்கு, காது மட்டும்தான் பெரிசோ என்று வாய்விட்டே கேட்டேன். ஓட்டுகிறவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை இன்னும் விரைவாக விட்டார்.

வார்ட்டுக்கு வெளியே நடையில் என் கணவர் நின்றார். பிள்ளை நித்திரை என்றார். நான் கேட்டதை அப்படியே சொன்னேன். முப்பத்திநாலு இல்லை, டீ ஆரும் இல்லை. அவர் யோசித்தார்.

"டீ ஆர் என்டா டொக்டர்தானே," என்றார். "பேருக்கு முன்னால போடுவாங்களே. அப்ப... டொக்டரும் இல்லையாமா? இதுக்கு வைத்தியமே இல்லைன்டு சொல்றாங்களா?"

அப்பா! எட்டுப் பாடம் எடுத்துப் பாஸ் பண்ணின இரண்டு பேர் நாங்கள். நடையில் நின்று இப்படி ஒருவரையொருவர் பயமுறுத்திக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை. அவர் படியிறங்கிப் போனார். சைக்கிள்கள் விடுகிற கொட்டகைக்குப் பின்னால் நின்று அழுதார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நான் பிள்ளையின் கட்டிலடியில் போய் உட்கார்ந்தேன். தாதியிடம் கேட்டேன், பெரிய டொக்டர் போயாவுக்கு வரமாட்டார் என்றாள்.

பிள்ளை நித்திரை கொள்வதைப் பார்த்துக்கொண்டு, இவளை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது, என்ன சொல்லிக் கொண்டுபோவது என்று யோசித்தேன். கடலைக் காட்டலாமா, ரெயில் பார்க்க ஸ்டேசனுக்குக் கூட்டிப்போகலாமா, எவ்வளவு நாள் இருக்கும் என்றெல்லாம் மனம் ஓடியது.

பின்நேரம் வார்ட் வாசலில் ஒரு வெள்ளைச் சேலை தெரிந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை. என் உயிர் போய்வந்தது. கிட்ட வந்தபோதுதான் தெரிந்தது, எங்கள் டொக்டர். போயாவுக்குச் சீல் விரதம் எடுக்க வெள்ளை கட்டிக்கொண்டு பன்சலைக்கு, அதாவது புத்த கோயிலுக்குப் போன இடத்தில் இருந்து நேரே வந்திருக்கிறார். அவருக்கும் மனம் கேட்கவில்லை.

"ரிபோட் ஆவாத?" என்று கேட்டார். வந்துவிட்டதா என்று.

எனக்கு இங்கிலீசு மறந்துபோயிற்று. தெரிந்த அரைச் சிங்களத்தில், "தெகம நே, டொக்டர்" என்றேன். இரண்டும் இல்லை.

"நே?"

"நே."

"முப்பத்திநாலு? டீ ஆர்?" அவர் நம்பரை இங்கிலீசில் கேட்டார்.

"தெகம நே!" என்று அழுதேன்.

டொக்டர் கண்ணை மூடினார். இரண்டு கையையும் நெற்றிக்கு மேலே கூப்பினார். "சாது, சாது, சாது," என்றார்.

சாதுவா! பன்சலை ஒலிபெருக்கியிலும் செத்த வீட்டில் பிக்குகள் ஓதுகிற பிரித்திலும் நான் கேட்ட சொல் அது. என் பிள்ளை மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிறாள், இந்த மனிசி வெள்ளையைக் கட்டிக்கொண்டு வந்து அவளுடைய கட்டிலடியில் சாது சொல்கிறாளா? எனக்குள்ளே இருந்த எல்லாமும் அப்போதுதான் வெடித்தது. "என்ர பிள்ளை இன்னும் சாகேல்ல! சாது சொல்ல வந்திட்டா! போங்கோ வெளியில, யன்ன, கோ!" என்று மூன்று பாசையிலும் கத்தினேன். தாதிகள் ஓடி வந்தார்கள். பக்கத்துக் கட்டில் பிள்ளை அழத்தொடங்கியது.

டொக்டர் என் தோளைப் பிடித்தார். கட்டை மனிசிக்கு நல்ல பிடி. என்னைத் தள்ளிக் கதிரையில் இருத்திவிட்டு, முகத்துக்கு நேரே குனிந்து, சின்னப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நெத்தி எக தமய் ஹொந்த."

எனக்கு விளங்கவில்லை. விளங்கியது, ஆனால் நம்பமுடியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். இல்லாததுதான் நல்லது. இந்த முறை தமிழிலும் சொன்னார், அவருக்குத் தெரிந்த தமிழில்: "இல்லே நல்லம். இல்லே, ரொம்ப நல்லம்."

பிறகு இங்கிலீசுக்கு வந்து விளக்கினார். மிகவும் இளசான செல்கள்தான் அந்த இரண்டு அடையாளத்தையும் சுமக்கும். மற்ற வகை நோயில் பெரும்பாலும் அவை இருக்கும். எங்கள் பிள்ளையின் செல் அந்தப் படியைத் தாண்டி வந்து, இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, அடுத்த படியில் ஏறத் தெரியாமல் நிற்கிறது. அப்படி நிற்கிற வகைக்குத்தான் அந்த மாத்திரை. மைக்கிரஸ்கோப்பில் தான் கண்டதும் இதுவும் பொருந்துகிறது என்றார். முடிவு கடதாசியில் வந்தபிறகு இன்னொரு சோதனையும் செய்வோம், ஆனால் மாத்திரையை வாங்கச் சொல்லிவிடலாம் என்றார். கொஞ்சம் வெட்கப்பட்டு, எந்த அடையாளம் இருக்கவேண்டும் எது இருக்கக்கூடாது என்று உங்களுக்கு அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்றும் சொன்னார். நான் அவருடைய வெள்ளைச் சேலையில் முகத்தைப் புதைத்து அழுதேன். அதில் ஊதுபத்தி மணத்தது.

என் கணவர் கொட்டகையில் இருந்து சிவந்த கண்ணோடு வந்தார். நான் எழும்பி ஓடினேன். "இஞ்சேருங்கோ, இல்லையாம்! இல்லாததுதான் நல்லதாம்!"

"என்னா சொல்றே நீ? பைத்தியமா?"

"ஓம், பைத்தியந்தான். டீ ஆர் எண்டா டொக்டர் இல்லையாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கோ!"

சேலைக்காரிக்கு அன்றைக்கே சொல்லியனுப்பினோம், அவள் மாத்திரையை வாங்கிக்கொண்டு விமான நிலையத்தில் இருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முயல் பெட்டிக்குள்தான் கொண்டுவந்தாள். சேலை மூட்டை வெளியே வானுக்குள் கிடந்தது. நான் அவளைக் கட்டிப்பிடித்தேன், அந்தக் கையோடேயே ஏசவும் செய்தேன், அரைகுறையாய்ச் சொல்லி எங்களை உயிரோடு கொன்றுவிட்டாய் என்று.

"நான் ஒழுங்காத்தான் சொன்னனான் அக்கா. இல்லாததை இல்லையெண்டுதானே சொல்லலாம்! நீங்கள்தான் அதுக்கு ஒப்பாரி வைச்சிருக்கிறியள்!"

நான் முயல் பெட்டியை வாங்கிக்கொண்டு வார்ட்டுக்குள் ஓடினேன்.

மாத்திரை தொடங்கியது. பெரிய அதிசயம் எதுவும் கண்ணுக்கு முன்னால் நடக்கவில்லை. தலையிடிக்கிறது என்று மகள் அழுதாள். உதடு காய்ந்து தோல் தோலாக உரிந்தது, தேங்காயெண்ணெய் பூசினேன். மாத்திரையோடு மற்ற மருந்தும் ஏற்றினார்கள், தலைமயிர் கொட்டியது. இடையில் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்து டொக்டர் வீட்டுக்கே போகாமல் நின்றார். அந்த மாத்திரையே சில பிள்ளைகளுக்கு இப்படிச் செய்யும், தனக்குத் தெரியும் என்று வேறு ஊசி போட்டு அடக்கினார். அவர் பலமு என்று சொன்னால் எனக்கு இப்போது கோபம் வரவில்லை. இந்த மனிசி பார்ப்போம் என்றால் உண்மையாகவே பார்க்கிறவர். மூக்கால் இரத்தம் வருவது நின்றது. காலில் இருந்த நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, ஒருநாள் தேடிப்பார்த்தேன், இருக்கவில்லை.

கடைசியாக மறுபடி எலும்புக்குள் ஊசி போட்டு எடுத்தார்கள். டொக்டர் தானே மைக்கிரஸ்கோப்பில் பார்த்துவிட்டு வார்ட்டுக்கு நடந்து வந்தார். தூரத்திலேயே கையைத் தூக்கி ஆட்டினார். சுத்தம் என்றார். கெட்ட செல் ஒன்றும் கண்ணில் படவில்லை. இன்னும் நெடுநாள் மருந்து இருக்கிறது, வந்துபோகவேண்டும், ஆனால் இனி நம்பிக்கையோடு இருக்கலாம் என்றார். என் தோளில் இருந்து ஒரு மூட்டை அரிசியை யாரோ இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. என் கணவர் டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை, நான்தான் பிரித்துவிட்டேன்.

அன்று மத்தியானம் மகளுக்குச் சோறும் மீன் சொதியும் குழைத்துத் தீத்தினேன். வேண்டாம் என்றாள். ஒரு வாய் என்றேன். தலையைத் திருப்பினாள். இன்னொருமுறை கிட்டக் கொண்டுபோனபோது கையால் ஒரு தட்டு. கோப்பை பறந்து, சொதி முழுவதும் என் சேலையிலும் கட்டில் விரிப்பிலும் ஊற்றுண்டது.

"சனியனே! விடியக்காலமை எழும்பி உனக்கெண்டு மீன் வாங்கி, முள்ளெடுத்துக் காய்ச்சிக்கொண்டு வந்தா, தட்டி ஊத்துறியோ? எருமை! முதுகில ரெண்டு வைச்சனெண்டாத் தெரியும்!"

வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் படுக்கையில் விழுந்ததில் இருந்து அவளை நோக்கி நான் ஒருமுறையாவது குரலை உயர்த்தியதில்லை. என்ன செய்தாலும் ராசாத்தி, செல்லம், கண்ணு என்றே நடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் அழவில்லை. என்னை உற்றுப் பார்த்தாள். உரிந்த உதடு மெல்ல விரிந்தது.

"அம்மா, நீங்க எனக்கு ஏசுறீங்க," என்றாள்.

"ஓம், ஏசுறன். அதுக்கென்ன?"

"அப்ப நான் சாக மாட்டேன்தானே?"

இவ்வளவு நாளும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் செல்லத்தையும் கண்ணையும் கேட்டுக் கேட்டு, எல்லாம் தெரிந்துகொண்டுதான் வாயைத் திறக்காமல் கிடந்திருக்கிறாள். அந்த இடத்தில் அழுதால் எல்லாம் கெட்டுவிடும் என்று தெரிந்தது. கோப்பையில் மிஞ்சியிருந்ததை வழித்து உருட்டினேன்.

"சாகிற ஆக்களுக்கு ஆரும் ஏசுவினமே?" என்றேன். "கதையை விட்டிட்டு வாயைத் திற."

திறந்தாள்.